அறுத்தால்தான் தெரியுமா?

கோட்டுகாலிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ தீராத இருமலோடு புலயனார்கோட்டை நெஞ்சக மருத்துவமனைக்குப் போனால், "பழைய எக்ஸ்ரே இருக்கா?" என்பார்கள். இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தானே நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்? ஆய்வுக்கூட எலி என்று வந்ததும் இது மறந்துபோகிறது. கொன்று அறுத்துப் பார்ப்பதே உண்மை, படமெல்லாம் மேலோட்டம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு.

நுரையீரல் தழும்பு நோயை ஆராய, சுண்டெலியின் மூச்சுக்குழாயில் ப்ளியோமைசின் செலுத்தித் தழும்பை உண்டாக்குகிறார்கள். ஒரே அளவு கொடுத்தாலும் ஓர் எலிக்கு நோய் கடுமையாகப் பிடிக்கும், பக்கத்து எலிக்கு லேசாகத்தான் பிடிக்கும். சிலவற்றில் தழும்பு தானாகவே குறைவதும் உண்டு. 7ஆம் நாள் சில, 14ஆம் நாள் சில, 21ஆம் நாள் மிச்சம் என்று கொன்று கணக்கெடுக்கிறார்கள். கடைசியில் அறுத்த எலியின் நுரையீரல் சுத்தமாக இருந்தால், சோதிக்கும் மருந்து குணப்படுத்தியதா, நோயே பிடிக்கவில்லையா? அந்த எலியின் பழைய படம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

சிறு விலங்குகளுக்கான மைக்ரோ சி.டி. ஸ்கேன் அதைச் சொல்லும். ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் எலி படுத்திருக்கும். மூக்கில் சிறு குழல், வயிற்றருகே மூச்சை உணரும் கருவி. மூச்சு ஓடும் வேகத்தில் படம் கலங்கிவிடும் என்பதால், மூச்சு வெளியேறி அடங்கும் கணங்களின் பதிவுகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். எலி விழித்துக் கூண்டுக்குப் போகும். அடுத்த வாரம் அதே எலி மறுபடி வரும்.

கொன்று பார்க்கும் வழக்கம் பழையது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்து நோயாளிகளின் கிருமியை ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, கொன்று, புண்களை மதிப்பிட்டார்கள். தென்னிந்தியக் கிருமி சராசரியில் பிரிட்டன் கிருமியைவிட வீரியம் குறைந்தது என்று தெரிந்தது. அன்று வேறு வழியில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிறகு பிட்ஸ்பர்க்கில் காசநோய் ஆய்வாளர் ஜோஆன் ஃப்ளினின் குழு, காசநோய் தொற்றிய குரங்குகளை பெட்-சி.டி.யில் தொடர்ந்து பார்த்தது. ஒரே நுரையீரலில் ஒரு காசநோய்க் கட்டி ஆறும்போதே இன்னொன்று வளர்வது தெரிந்தது. ஒருமுறை மட்டும் அறுத்திருந்தால் எது வளர்கிறது, எது ஆறுகிறது என்று தெரிந்திருக்குமா?

எந்த உயிரணு என்று அறிய நுண்ணோக்கி வேண்டும்தான். கதிர்வீச்சையும் அளவோடு வைக்க வேண்டும். ஆனால் நுண்ணோக்கியில் பார்க்க முடிவில் ஒருமுறை அறுத்தால் போதும். வாரந்தோறும் ஒரு கூட்டத்தைக் கொல்ல வேண்டியதில்லை. கருவி விலை அதிகம் என்றால் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் இருப்பவர்களே, நுரையீரல் ஆய்வுக்கு விண்ணப்பம் வந்தால் கேளுங்கள்: அதே எலியை ஏன் படமெடுத்துத் தொடரக் கூடாது? பதில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.