எதிரடியா, கிளையா?

“ஒரு செய்கையின் பயன் நெடுந்தூரம் பரவும்போது ஆங்கிலத்தில் கான்ஸிக்வென்ஸ் என்பதா, இம்ப்ளிகேஷன் என்பதா, ரிபர்க்கஷன் என்பதா, ராமிஃபிகேஷன் என்பதா, ஆஃப்டர்மத் என்பதா? எதை எழுதினாலும் ஒன்றுதானா?” என்று வினவுகிறார் காட்டூர் அன்பர் ஒருவர்.

ஒன்றல்ல. ஐந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அதற்காகத் தமையனைத் தம்பி என்று அழைக்கலாமா? அன்பருக்கு அண்டையிலுள்ள பொன்மலையின் சரித்திரத்தைக் கொண்டே வேற்றுமையை விளக்குவோம்.

தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி, நாகப்பட்டினத்திலிருந்த தன் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றியது. அதையொட்டி 1928-ல் ஆட்குறைப்புச் செய்யவும், தொழிலாளரின் திறமையைப் பரீட்சிக்கவும் முற்பட்டது. பரீட்சை என்ற சொல்லில் வேலை போகும் என்ற செய்தி வெளிப்படையாக இல்லை. ஆனால் உள்ளே பொதிந்திருந்தது. அவ்வாறு பொதிந்து கிடப்பதே இம்ப்ளிகேஷன்.

அவ்வாண்டு ஜூலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சுவரில் எறிந்த பந்து எறிந்தவன் மீதே திரும்புவது போன்றது இது. இதற்கு ரிபர்க்கஷன் என்று பெயர். திருப்பி அடிப்பது என்பதே அதன் லத்தீன் மூலத்தின் பொருள்.

பட்டறையைத் தொடர்ந்து குடும்பங்கள் ஊர் பெயர்ந்தன, பொன்மலையில் குடியிருப்பு எழுந்தது, சந்தை வளர்ந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்த இவையே ராமிஃபிகேஷன். லத்தீனில் ‘ராமுஸ்’ என்றால் மரக்கிளை.

வேலைநிறுத்தம் ஓய்ந்தபின் சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறைத் தண்டனை அடைந்தனர். அது ஆஃப்டர்மத். முற்கால ஆங்கில வழக்கில் புல்லை அறுத்தபின் மீண்டும் முளைக்கும் புல்லுக்கு வழங்கிய சொல் அது. இன்றோ பெரும்பாலும் துன்பத்தின் பின் நேருவதையே குறிக்கும். கலியாணத்தின் ஆஃப்டர்மத் என்று எழுதினால், மணமக்களுக்கு என்ன கேடு நேர்ந்ததோ என்று படிப்போர் பதறுவர்!

கான்ஸிக்வென்ஸ் என்பது விளைவு என்ற பொதுச்சொல். ஐயம் எழுந்தால் இதையே கையாளலாம். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும். “குடிநீர்க் குழாய் போடாவிட்டால் சீரியஸ் கான்ஸிக்வென்ஸஸ் உண்டாகும்” என்று மனுவில் மொட்டையாக எழுதினால், அதிகாரி அதை மிரட்டலாகவே கொள்வார். ரிபர்க்கஷன்ஸ் என்று எழுதிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். நியாயமான கோரிக்கை ஒரு சொல்லால் கெட்டுப்போகும். ஆகவே ‘ஃபார்’ என்ற சிறு சொல்லைச் சேர்த்து, விளைவு யாரைத் தாக்கும் என்பதைக் கூறிவிட வேண்டும்: ‘கான்ஸிக்வென்ஸஸ் ஃபார் அவர் சில்ட்ரன்ஸ் ஹெல்த்’. இப்போது மிரட்டல் மறைந்து கவலை புலப்படுகிறது.

இன்னொன்று: ‘ரிஸல்ட் இன்டு’ என்று நம்மவர் பலர் எழுதுவது பிழை, ‘ரிஸல்ட் இன்’ என்பதே சரி. காரணத்தைச் சுட்டும்போது ‘ரிஸல்ட் ஃப்ரம்’.

பேனாவை எடுக்குமுன் தாய்மொழியில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்ல வந்தது உட்பொருளா, விளைவா, எதிரடியா, கிளையா? தமிழில் விடை தெளிந்துவிட்டால் ஆங்கிலச் சொல் தானே வந்து நிற்கும்.