ஆழியாறு கொண்டை ஊசி வளைவும் ஜிடிஏ 6-ம்: ஓப்பன் வேர்ல்டு கேமில் ஊர் சுற்றுவது சில நேரம் இனிப்பதும், சில நேரம் எரிச்சலூட்டுவதும் ஏன்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரியும். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மலை ஒரு பக்கத்தை மறைக்கும், இன்னொரு பக்கத்தைத் திறக்கும். கீழே அணை தெரியும். அடுத்த வளைவில் காணாமல் போகும். அதற்கடுத்த வளைவில் இன்னும் சின்னதாகத் தெரியும். ஜன்னலோர சீட்டுக்கு அடிதடி நடப்பது இதற்காகத்தான்.

இதே வேலையைத்தான் பெரும் பணத்தைக் கொட்டி, நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து ‘ஓப்பன் வேர்ல்டு’ வீடியோ கேம் நிறுவனங்கள் செய்யப் பார்க்கின்றன. சிலருக்குக் கைகூடுகிறது. பலருக்கு வருவதே இல்லை.

இந்தப் பேச்சு இப்போது ஏன் என்றால், ஜிடிஏ 6. முதலில் 2025-க்குள் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதுவும் தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது. 2013-ல் ஜிடிஏ 5 வந்தபோது ஸ்கூலில் இருந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். இத்தனை வருஷக் காத்திருப்பு வெறும் துப்பாக்கிச் சண்டைக்காக இல்லை. அந்த ஊருக்குள் போய்ச் சும்மா சுற்றுவதற்காக.

ஓப்பன் வேர்ல்டு என்றால் என்ன?

ஒரே கோட்டில் ஓடி, ஒரு லெவல் முடித்து, அடுத்த லெவல் போவது பழைய பாணி. ஓப்பன் வேர்ல்டில் ஒரு பெரிய நிலப்பரப்பையே கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போவது, எப்போது போவது எல்லாம் விளையாடுபவர் இஷ்டம். கதையை மறந்துவிட்டு நாள் முழுக்க மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் வைஸ் சிட்டி ஆடியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் பழகியது. ஆனால் முழுச் சுதந்திரம் அன்றும் இல்லை. வைஸ் சிட்டியில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலத்தை அடைத்து வைத்திருப்பார்கள். 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் நேரம் வருவதற்கு முன் அடுத்த ஊருக்குள் கால் வைத்தால் நாலு ஸ்டார் விழும், போலீஸ் துரத்தும். டாப்சிலிப் போகிறவர்களை சேத்துமடை செக்போஸ்ட்டில் நிறுத்துவது மாதிரிதான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடுப்பு யாரையும் கோபப்படுத்தவில்லை. ‘அந்தப் பக்கம் என்ன இருக்கு?’ என்ற ஆசையைத்தான் கிளப்பியது.

முக்கோணம் செய்யும் மாயம்

2017-ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு’ கேமைத்தான் இந்த விஷயத்தில் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதை உருவாக்கியவர்கள் அதே வருஷம் ஜப்பானில் நடந்த கேம் தயாரிப்பாளர் மாநாட்டில் தங்கள் ரகசியத்தைச் சொன்னார்கள். எல்லாம் முக்கோணம். மலை, குன்று, பாறை என்று பெரிசும் சின்னதுமாக முக்கோண வடிவங்களை நிலமெங்கும் வைப்பது. முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்ற கேள்வியையும் எழுப்பும். நடக்க நடக்க, மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வால்பாறை ரோடு யாரும் டிசைன் செய்யாமலே செய்வது இதைத்தான்.

இன்னொரு தகவலும் உண்டு. கேம் உலகம் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க, அவர்கள் தங்கள் சொந்த ஊரான கியோட்டோவின் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். எந்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உடம்புக்கே தெரிந்த ஊர் அது. பொள்ளாச்சிக்காரருக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுச் சந்தைக்கு நடக்கிற தூரம் தெரிவதைப் போல.

அப்படிப்பட்ட கேமிலும் எரிச்சல் உண்டு. மழை வந்தால் பாறை வழுக்கும், ஏற முடியாது, பாதி மலையில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சின்னக்கல்லாரில் மழைக்கு மாட்டியவர்களுக்குப் புரியும். ஒளித்து வைத்த 900 விதைகளைத் தேடி முடித்தவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட சாணி உருண்டை மாதிரி ஒரு தங்கப் பொருள். எல்லாவற்றையும் பொறுக்க நினைப்பவர்களுக்கு அது ஒரு நக்கல்.

அப்போ எரிச்சல் எங்கே தொடங்குகிறது?

மேப்பைத் திறந்ததும் அம்மை போட்டது மாதிரி ஐகான்கள். இதுதான் பெரிய புகார். ஒரு கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள புதையல், எதிரி முகாம் எல்லாம் ஒரே நொடியில் மேப்பில் கொட்டிவிடும். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை கேம்கள் இதற்குப் பேர் போனவை. அதன் பிறகு நிலத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மேப்பின் புள்ளியைப் பார்த்து ஓட வேண்டியதுதான். ஊர் சுற்றுவது டெலிவரி வேலையாகிவிடுகிறது. 2015-ல் வந்த விட்சர் 3 அருமையான கேம், சந்தேகமில்லை. ஆனால் அதிலும் ஸ்கெல்லிகே கடல் முழுக்க கேள்விக்குறிகள். படகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கடத்தல்காரர் விட்டுப்போன மூட்டை.

சரி, எதையும் காட்டாமல் விட்டால்? 2022-ல் எல்டன் ரிங் அப்படித்தான் வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை நோக்கிப் போக வேண்டியதுதான். கொண்டாடியவர்கள் ஏராளம். ஆனால் ஒரு கதாபாத்திரம் சொன்னதை மறந்துவிட்டால் திரும்பப் பார்க்கக் குறிப்பு இல்லை. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு அது சுகமல்ல, தலைவலி. 2020-ல் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமா நடுவழி எடுத்தது. போக வேண்டிய திசையில் காற்று வீசும். புல்லும் இலையும் சாய்வதைப் பார்த்துப் போகலாம். திரையில் அம்புக்குறி வேண்டியதில்லை.

மேற்குத்தொடர்ச்சி மலையே கேமில் இருக்கிறது, ஆனால்...

2017-ல் வந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ கதை நடப்பது இந்தியாவில். நாலாவது அத்தியாயத்தின் பெயரே ‘வெஸ்டர்ன் காட்ஸ்’. முழு ஓப்பன் வேர்ல்டு இல்லை, ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் திறந்த வெளி. குளோயி, நாடீன் என்ற இரண்டு பெண்கள் ஜீப்பில் சேற்றுச் சரிவு, அருவி, ஹொய்சாள இடிபாடு என்று சுற்றுகிறார்கள். ஒரு கோபுரத்தில் ஏறியதும் குளோயி தன் காகித மேப்பில் கையால் குறித்துக்கொள்கிறாள். எந்த இடத்துக்கு முதலில் போவது என்பது நம் விருப்பம். சிதறிக் கிடக்கும் 11 டோக்கன்களைச் சேர்த்தால் ஒரு காப்பு கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டால், பக்கத்தில் புதையல் இருக்கும்போது அது காட்டிக்கொடுக்கும். தேடியதற்குப் பரிசு, இன்னும் தேட ஒரு கருவி. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஆனால் ஆனைமலை அடிவாரத்தில் வளர்ந்தவர் இதை ஆடினால் ஏதோ குறைவதைக் கவனிப்பார். அந்த மலையில் ஆளே இல்லை. ஆயுதக் கும்பல் மட்டும்தான். தேயிலை பறிப்பவர் இல்லை, காடர் குடியிருப்பு இல்லை, டீக்கடை இல்லை, ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பும் அரசு பஸ் இல்லை. பின்னால் ஒரு யானை வருகிறது, அதுவரை நல்லது. பிரமாதமான மலை, ஆனால் யாரும் வாழாத மலை. சீக்கிரம் அலுத்துவிடும் கேம்களில் பலவற்றின் குறையும் இதுதான். நிலம் பெரிசு, வாழ்க்கை சின்னது.

அந்தக் குறையை நம்ம பசங்க வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். 2017-ல் மொபைலுக்கு வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ கேமில் சொந்தமாக வண்டி மாடல் போடலாம். உடனே தமிழ்நாட்டு அரசு பஸ், பிரைவேட் பஸ், ஏர் ஹார்ன் எல்லாம் மோட்களாக வந்துவிட்டன. ஜாவா தீவு ரோட்டில் நம்ம ஊர் பஸ் ஓடும். கிராபிக்ஸ் சுமார்தான். இருந்தும் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அது தெரிந்த பஸ்.

ஜிடிஏ 6 வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

அறிவிப்பின்படி அது பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் கன்சோல்களுக்குத்தான் முதலில் வருகிறது. மொபைல் பதிப்பு என்று ராக்ஸ்டார் எதையும் அறிவிக்கவில்லை. ஆகவே வாட்ஸ்அப், டெலிகிராமில் ‘ஜிடிஏ 6 ஏபிகே’ என்று வரும் லிங்க்கைத் தொடாதீங்க. ஜிடிஏ வரிசை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் பெற்றோர் இதையும் மனதில் வைக்கணும். அப்படி ஒரு லிங்க்கில் ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.