பூச்சைச் சொல்லி விற்கட்டும்!

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவிலோ, ஊர்த் திருவிழாவின் ஃபேன்சிக் கடையிலோ, மயில் கழுத்தைப் போல நீலமும் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும் படிகக் கல் ஒன்று உங்கள் கண்ணில் படலாம். "பூமிக்குள்ளே தானாக விளைந்த நிறம், தம்பி!" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கல் பூமியில் விளைந்ததாகவே இருக்கலாம். நிறம் பட்டறையில் ஏறியது.

குவார்ட்ஸ் என்னும் படிகத்தைக் காற்று நீக்கிய அறையில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். டைட்டானியம், தங்கம் போன்ற உலோகத்தை அங்கே ஆவியாக்குகிறார்கள். ஆவி கல்லின்மேல் படிந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் கனம் தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. மழை நாளில் சாலைக் குட்டையில் மிதக்கும் எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இப்படித்தான்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. மூக்குக்கண்ணாடியில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்க இடும் பூச்சும் இதற்கு நெருங்கிய உறவுதான். பூச்சை மறைத்து விற்பதுதான் குற்றம். நம் மாவட்டத்துக்குப் படிகம் புதிதல்ல. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லை அறுத்து, சாணை பிடித்து, மூக்குக்கண்ணாடி செய்து புகழ் பெற்ற ஊர் தஞ்சை. அந்தக் கல்லுக்கு மதிப்புத் தந்தது அதன் தெளிவு. யாரும் அதற்கு வண்ணம் ஏற்றவில்லை.

பூச்சை மறைத்தால் நஷ்டம் வாங்கியவருக்கே. 'கல்தானே!' என்று, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துவிடுவார். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தி அதைக் கீறாது. ஆனால் ஆற்றுமணலில் பெரும்பகுதியும் குவார்ட்ஸ்தானே! அது மெல்லிய படலத்தை விட்டுவைக்குமா? பற்பொடியும் வேண்டாம். போன பூச்சை வீட்டில் மீண்டும் ஏற்ற முடியாது.

முதலில் தூசியை நீரில் அலசிப் போக்குங்கள். தூசியிலும் மணல்துகள் உண்டு. பிறகு வெதுவெதுப்பான நீரில் சில துளி ஷாம்பு விட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் துடைக்காதீர்கள். மற்ற கற்களோடு ஒரே டப்பாவில் குலுங்க விடாமல், பஞ்சில் சுற்றித் தனியே வையுங்கள். இக்கல்லை ஊற வைத்த நீரைக் குடித்தால் நோய் தீரும் என்பாரும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது, குடிக்காதீர்கள்.

வாங்கும் முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கல்லின் முனையையும் விளிம்புகளையும் பாருங்கள். தேய்ந்த இடத்தில் நிறமற்ற கல் எட்டிப் பார்த்தால் அது பூச்சு. செவ்வந்திக்கல்லில் ஊதா நிறம் கல்லின் உள்ளேயே இருக்கும். சில படிகங்களில் உட்பிளவுகளால் இயற்கையாகவே வானவில் தெரிவதும் உண்டு. அது உள்ளிருந்து மின்னும், மேலே படர்ந்திருக்காது.

பூச்சு என்றால், எந்த உலோகம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 'உலோகப் பூச்சிட்ட குவார்ட்ஸ்' என்று விலைச்சீட்டில் ஒரு வரி சேர்க்க அவருக்கு என்ன செலவாகிவிடும்?