எண்ணெய் விடாதீர்கள்!

ராயபுரத்து ஸ்டூடியோ ஒன்றை மூடியபோது என் கைக்கு வந்தது அந்த யாஷிகா மாட் 124ஜி. 1970-ல் வெளிவந்த ரகம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் பார்த்த கண் அது. இப்போதோ, திறந்த ஷட்டருக்கு மூட மனம் வருவதில்லை. மீட்டர் முள் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்கிறது.

பழுது பார்க்கக் கொடுத்தேன். "கடல்காத்து துன்னுட்ச்சு சார், அலமாரியில வச்சுடுங்க" என்று திருப்பித் தந்தார் ஒரு மகானுபாவர். போகிற போக்கில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் வேறு!

இந்த எண்ணெய்ப் பித்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் சரி. ஷட்டரின் இதழ்களோ காகிதம் போன்ற தகடுகள். எண்ணெய்ப் பசை பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாஃப்தாவில் கழுவி, உலர விடுவதே வைத்தியம். 1969 முதல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடக்கும் வட்டாரத்தில் நாஃப்தா என்றால் விழிக்கிறார்களே!

மீட்டர் மீது போட்ட பழி இன்னும் அநியாயம். அது 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பிப் பிறந்தது. பாதரசம் நஞ்சென்று அந்த பாட்டரியை நிறுத்தினார்கள், நிறுத்தியது நியாயமே. அந்த இடத்தில் 1.5 வோல்ட்டைத் திணித்துவிட்டு, வெளிச்சத்தை மிகையாகச் சொல்கிறது என்று முள்ளைத் திட்டலாமா? காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாக பாட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். சிறியது, ரப்பர் வளையம் சுற்றிப் பொருத்தினேன்.

காசிமேட்டில் உச்சிவெயில். 100 வேகப் படச்சுருளுக்கு எஃப் 16, 1/125 என்பது பழைய கணக்கு. முள்ளும் அதையே சொல்லிற்று.

அலமாரியில் வைக்கச் சொன்னவர் இப்போது விலைக்குக் கேட்கிறார்.