போசாக்குப் பாடம்: தட்டில் இல்லாததைப் பிள்ளை எப்படிக் கற்கும்?

புரதம் உடலை வளர்க்கும், கல்சியம் எலும்பை உறுதியாக்கும், இரும்புச்சத்து இரத்தத்துக்கு வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலைப் பிள்ளைகள் இதைப் படித்துப் பரீட்சையிலும் எழுதுகிறார்கள். ஆனால் பாடத்தில் வரும் பாலும் முட்டையும் மீனும் எத்தனை வீடுகளில் தட்டுக்கு வருகின்றன?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரே வருடத்தில் உணவு விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பம் முதலில் குறைப்பது மீனையும் முட்டையையும்தான்.

போரால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பெற்றோருக்குப் பசி புதிதல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சிதான் பலரின் உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால் பிள்ளை வளர அது மட்டும் போதாது. வயிறு நிறைவதும் சத்துக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பாடம் கைக்கெட்டும் உணவிலிருந்து தொடங்கட்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலியில் கல்சியம் உண்டு. பருப்பும் பயறும் புரதம் தரும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக உறிஞ்சும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும்.

இதைக் கற்பிப்பது ஆசிரியரின் வேலை. ஆனால் அறிவு மட்டும் தட்டை நிரப்பாது. ஆரம்ப வகுப்புகளையே முதன்மையாகக் கொண்ட பாடசாலை உணவுத் திட்டத்தை மேல் வகுப்புகளுக்கும் விரிவாக்குவது அரசின் கடமை. அதுவரை, பசித்த பிள்ளைக்குப் போசாக்குப் பாடம் பரீட்சைக்கான பாடமாகவே இருக்கும்.