250 ரூபாய்ப் பரிசும் ஒரு புதிய கணக்கும்

புதிய சேமிப்புக் கணக்கு தொடங்குவோருக்கு ஊக்கத்தொகை என்னும் அறிவிப்பு இப்போது கைப்பேசித் திரையில் அடிக்கடி வந்து நிற்கிறது. கணக்கைத் தொடங்கினால் 1,000 ரூபாய், நண்பரைச் சேர்த்துவிட்டால் மேலும் 500 ரூபாய், இருப்பே வைக்க வேண்டியதில்லை என்றெல்லாம் அது ஆசை காட்டுகிறது. இவற்றுள் எது மெய், எது பொய் என்று பிரித்தறிய உதவும் விதியொன்று நெடுநாளாகவே நடைமுறையில் உள்ளது. வங்கிக்கு வெளியே அதை அறிந்தவர் மிகச் சிலர் என்பதுதான் நமக்கு வியப்பு.

வைப்புகளுக்கான வட்டி விகிதம் குறித்து ரிசர்வ் வங்கி 2016 மார்ச் 3-இல் வெளியிட்ட நெறிமுறையில் அவ்விதி இடம்பெற்றுள்ளது. வைப்பைத் திரட்டும் பொருட்டுப் பரிசுக் குலுக்கல், இலவசச் சுற்றுலா போன்று அதிர்ஷ்டத்தைச் சார்ந்த எந்த ஈர்ப்பையும் வங்கி அளிக்கலாகாது. வைப்பைப் பெறும்போது, விரும்பினால் சிறு அன்பளிப்பு ஒன்றைத் தரலாம்; அதன் மதிப்பு 250 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நாட்குறிப்போ, பேனாவோ, எவர்சில்வர் டப்பாவோ கொடுக்கலாம், அவ்வளவே. பற்று அட்டையைக் கொண்டு பொருள் வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி வேறு வகை. அது செலவுக்குக் கிடைப்பது, வைப்புக்குக் கிடைப்பதன்று.

இந்த உச்சவரம்பைக் கஞ்சத்தனம் என்று குறைகூறுவோர் உண்டு. நாம் அதை ஆதரிக்கிறோம். வைப்புக்கு வங்கி தரும் விலை வட்டி. சேமிப்பு வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்து வந்த காலம் 2011 அக்டோபர் 25-ஓடு முடிந்தது. அன்று முதல் ஒவ்வொரு வங்கியும் தன் விகிதத்தைத் தானே முடிவு செய்து வெளிப்படையாக அறிவிக்கிறது. 1 லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு ஆளுக்கொரு விகிதம் தரவும் இயலாது. பரிசுக்கோ இத்தகைய வெளிப்படைத்தன்மை கிடையாது. அது ஒருநாள் கண்ணைப் பறித்துவிட்டு மறைந்துவிடும்.

கணக்கையும் சற்றுப் போட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டின் நடுவில் பெரிய வங்கிகள் சில தம் சேமிப்பு வட்டியை ஆண்டுக்கு 2.5 விழுக்காடாகக் குறைத்தன. அவ்விகிதத்தில் 10,000 ரூபாய் ஓராண்டு முழுதும் அசையாமல் கிடந்தால் கிடைக்கும் வட்டி 250 ரூபாய். பரிசின் உச்சவரம்பும் அதுவே! அரை விழுக்காடு கூடுதலாகத் தரும் வங்கியில் 50,000 ரூபாய் வைத்திருப்பவருக்கும் ஆண்டுக்கு அதே 250 ரூபாய் கூடுதலாக வரும். விகிதம் மாறாத வரை அது ஆண்டுதோறும் வரும், பரிசு ஒருமுறைதான். குறைந்தபட்ச சராசரி இருப்பைப் பேணத் தவறுவோரிடம் சில வங்கிகள் பிடிக்கும் கட்டணம் இந்தச் சிறு ஆதாயத்தை ஓரிரு மாதங்களிலேயே விழுங்கிவிடக் கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதை மனத்திற்கொண்டு அந்த 1,000 ரூபாய் அறிவிப்பை மீண்டும் படித்தால் அதன் நிறம் மாறித் தெரியும். வங்கி தர இயலாத தொகையை ஒருவர் தர முன்வருகிறார் என்றால் அவர் வேறெதையோ விலைக்கு வாங்குகிறார்.

பெரும்பாலும் அவர் குறிவைப்பது நம்மிடம் ஏற்கெனவே உள்ள கணக்கைத்தான். அறிவிப்போடு வரும் இணைப்பைத் தொட்டால் வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் ஒரு பக்கம் திறக்கும். அல்லது ஒரு செயலியை நிறுவச் சொல்லும். ஆதார் எண், பான் எண், ஒருமுறைக் கடவுச்சொல் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியபின், ஊக்கத்தொகையைப் பெற யூபிஐ பின் எண்ணை இடுமாறு கூறும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவுமே அது வேண்டும். இந்த ஒரு செய்தி வீட்டிலுள்ள முதியவர் முதல் பள்ளி மாணவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தால், எத்தனையோ இழப்புகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இதனினும் கொடியது மற்றொரு வணிகம். அங்கே விலைபோவது புதிய கணக்கேதான். ‘உன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கு, பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் எங்களிடம் கொடு, கைமேல் சில ஆயிரம் தருகிறோம்’ என்று மாணவரையும் வேலை தேடும் இளைஞரையும் தினக்கூலித் தொழிலாளரையும் நாடி வருகிறார்கள் தரகர்கள். பிறர் சுமையைத் தூக்கிச் செல்லும் கோவேறு கழுதையின் ஆங்கிலப் பெயரால் இவற்றை மியூல் கணக்குகள் என்கிறார்கள். எங்கோ ஓர் ஊரில் ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம் இத்தகைய கணக்குகள் வழியே நிமிடங்களில் கைமாறிப் போகிறது. காவல்துறை விசாரிக்கும்போது ஆவணத்தில் இருப்பது தரகரின் பெயரன்று. கணக்கைத் தொடங்கியவரின் பெயரும் நிழற்படமும் கையொப்பமுமே. கணக்கு முடக்கப்படும். தாம் ஒருமுறைகூடச் சென்றிராத மாநிலத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வரும். பணமோசடியில் தமக்குப் பங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் அந்த இளைஞர் தலையில் விழும். உதவித்தொகைக்கும் ஊதியத்திற்கும் வங்கியையே நம்பியிருப்பவருக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹண்டர்’ என்னும் மென்பொருளை உருவாக்கியுள்ளது. ஆயினும் வீட்டில் ஒருவர், ‘யாருக்காக இந்தக் கணக்கு?’ என்று உரிய நேரத்தில் கேட்பதற்கு இணையான மென்பொருள் இன்னும் வரவில்லை என்பதே நம் எண்ணம்.

சட்டம் வாடிக்கையாளரைக் கைவிட்டுவிடவில்லை. 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் தவறிழைக்காமல் வேறெங்கோ நிகழ்ந்த மீறலால் பணம் போயிருந்தால், செய்தி கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கும் இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டிய இழப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படாது. ஆனால் கடவுச்சொல்லைத் தாமே பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுதும் வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். எனவே வெட்கப்பட்டு மறைப்பதில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலையுண்டு. வங்கியை அழைத்த கையோடு 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழைப்பது நலம்.

வாடிக்கையாளருக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு வங்கிகள் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. ‘இணைப்பைத் தொடாதீர்கள்’ என்று இன்று ஒரு குறுஞ்செய்தி, நாளை இணைப்போடு ஒரு கடன் விளம்பரம் என இரண்டும் ஒரே வங்கியிலிருந்து வந்தால் வாடிக்கையாளர் எதை நம்புவார்? வங்கிகளின் இணையதள முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்றே முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்து, 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. சேவை தொடர்பான அழைப்புகள் 1600 எனத் தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்றும் கூறியது. இவ்விரு அடையாளங்களையும் விளம்பரங்களிலும் கிளைகளின் வாயிலிலும் பெரிய எழுத்தில், வாடிக்கையாளரின் தாய்மொழியில் எழுதிவைப்பது பரிசுப் பொருள்களைவிடப் பயனுள்ள செலவு என்று நாம் கருதுகிறோம்.

பரிசுக்காகத் தொடங்கி மறந்துவிட்ட பழைய கணக்குகளைப் பற்றியும் ஒரு சொல். ஈராண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயலற்றதாகிறது. பத்து ஆண்டுகள் அவ்வாறே கிடந்தால் அதிலுள்ள தொகை வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். உரியவர் பின்னரும் கேட்டுப் பெறலாம். அதைவிட அணுக்கமான இடர் கைப்பேசி எண்ணில் உள்ளது. நாம் கைவிட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கிவிடலாம். கணக்கில் பழைய எண்ணே பதிவாகியிருந்தால் எச்சரிக்கைச் செய்தியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்த அறியாதவரின் கைக்குப் போய்ச் சேரும். தேவையற்ற கணக்கை மூட விரும்புவோர் அட்டையையும் மீதமுள்ள காசோலைகளையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வரலாம். வைத்துக்கொள்ள விரும்புவோர் இப்போது பயன்படுத்தும் எண்ணை, அடையாளச் சான்றோடு, இந்த மாதமே பதிவு செய்துவிடலாம்.