தட்டின் மறுபக்கம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுக்கும் உரிமை தாத்தா ஒருவருக்கே உண்டு. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்றி, அரக்கினால் ஆன கறுப்புத் தட்டின் மேல் படிந்த தூசியைத் துடைத்து, அதன் ஓரத்தில் ஊசியை அவர் மெல்ல இறக்கும்போது, எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை முதலில் கேட்கும்; அதற்கு அடியிலிருந்து திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எழுந்து கூடமெல்லாம் நிறையும். மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே போனதும் ராகம் நடுவழியில் நிற்கும். தாத்தா தட்டைத் திருப்பிப் போடுவார்; விட்ட இடத்திலிருந்து தோடி தொடரும்.

கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த மகாவித்வானுக்கு அந்த மூன்று நிமிஷ எல்லையை விதித்தது சாஸ்திரமும் அல்ல, ரஸிகர்களும் அல்ல. பத்து அங்குலத் தட்டும், நிமிஷத்துக்கு 78 சுற்று என்ற அதன் வேகமுமே விதித்தன. யந்திரத்தின் ஆக்ஞை நம் சங்கீதத்துக்குப் புதிதன்று. 1902-இல் கல்கத்தாவில் கோஹர் ஜான் தட்டுக்காகப் பாடியபோது, பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்த அந்தக் குரல் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாக வேண்டியிருந்தது, அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாடியவர் இன்னாரென்று தெரிய வேண்டியிருந்தது. மைக்ரோபோன் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925-இல் வரும் வரையில், பாடுகிறவர் ஒரு கூம்பின் வாய்க்குள் முகத்தை நீட்டிக்கொண்டுதான் பாட வேண்டும்.

இவ்வளவையும் அறிந்த பின்னும், யந்திரம் கலையின் உயிரை உறிஞ்சிவிட்டது என்ற அபிப்பிராயத்தை என்னால் ஏற்க முடியவில்லை; ஏனெனில் அந்தத் தோடியே எனக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது. ராகத்தை மெல்ல மெல்லக் கோலமிட அவகாசம் இல்லாத இடத்தில், முதல் மூச்சிலேயே காந்தாரத்தின் அசைவால் அதன் சொரூபத்தைக் காட்டிவிட்டு, பிறகு தாரஸ்தாயியை நோக்கி அவர் ஏறும் வேகம், வீதியில் நின்று கேட்டிருந்தால் நமக்குக் கிடைத்திராத ஒரு தனிச் சிருஷ்டி. உச்சசுருதியில் முழங்கும் திமிரி நாயனத்தை விட்டு, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பிரசித்தமாக்கியவருக்கு, கையில் எடுத்த கருவியைத் தம் மனத்துக்கு வளைத்துக்கொள்ளத் தெரியாதா?

என் கவலை வாசித்தவரைப் பற்றியதன்று, கேட்டவர்களைப் பற்றியது.

எங்கள் தெருவில் நாயனம் கற்றுவந்த பிள்ளை ஒருவன் இருந்தான். தாத்தா தட்டைப் போடும்போதெல்லாம் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு சங்கதி விடாமல் பாடம் பண்ணினான். ஒருநாள் கோயில் மண்டபத்தில் அவன் தோடி வாசித்தபோது, கண்ணை மூடிக்கொண்டால் பெட்டி பாடுவதாகவே தோன்றியது. கூடியிருந்தவர்கள் “அப்படியே பிளேட்டு மாதிரி இருக்கு” என்று மெய்ம்மறந்தார்கள். ஆனால், நல்ல ஓட்டத்தில் இருந்த ஒரு பிடியை அறுத்துவிட்டுச் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்தான். ஒரு கணம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த முதிய தவில்காரர் வாசிப்பு முடிந்ததும் அவனை அழைத்தார்.

“ஏண்டா தம்பி, மூச்சு நிறைய இருக்கும்போதே அந்த எடத்துல ஏன் நிறுத்தினே?”

“அங்கேதான் நிக்கும், மாமா.”

தட்டைத் திருப்பும் இடம் அது. எனக்கும் தாத்தாவுக்கும் மட்டும் புரிந்தது. என் உடம்பு சிலிர்த்தது. வித்வானின் மனோதர்மத்தைக் கற்பதாக எண்ணி, அந்தப் பிள்ளை அரக்குத் தட்டின் எல்லையையும் சேர்த்தே கற்றிருந்தான். வீதியில் ஒரு நாள் வாசித்தது மறுநாள் வராது என்ற நிலையில், சிஷ்யன் குருவின் வழியைத்தான் பிடித்துக்கொள்ள முடிந்தது, வார்த்தையைப் பிடிக்க முடியவில்லை. தட்டோ நூறு முறை கேட்டாலும் அதையே சொல்கிறது. அதனால் நம் காது அந்த ஒன்றையே தோடி என்று நம்பி, அடுத்து வருகிற வித்வானிடமும் அதையே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது.

தவில்காரர் கோபிக்கவில்லை. மறுநாள் இரவு சுவாமி புறப்பாட்டில் அவனைத் தம் அருகில் நிறுத்திக்கொண்டு, “தெக்கு வீதி முனையில ஆரம்பி, மேல வீதி திரும்புற வரைக்கும் சீவாளியை எடுக்கப்படாது” என்றார். தீவட்டி வெளிச்சத்தில் நானும் கூடவே நடந்தேன். வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தபோது அவன் கண்கள் மருண்டன. விரல்கள் தடுமாறி ஒரு ஸ்வரம் பிசகியது. பிறகு எங்கோ தாழ்வில் தைவதத்தைத் தொட்டுக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு வழியாக அவன் மேலே ஏறினான். தாத்தா நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவாமி மேல வீதி திரும்பி வெகுதூரம் போன பிறகுதான் நாங்கள் இருவரும் பின்தொடர்ந்தோம்.